டெக்சாஸ் கடிதம்: பெரிய பிக்கப்பா, நடுத்தர பிக்கப்பா?

அமெரிக்கச் சந்தையில் பிக்கப் வண்டிகள் அளவை வைத்து மூன்று ரகம். முழு அளவு ரகத்தில் ஃபோர்டு எஃப்-150, ஷெவ்ரலே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா முதலியவை வரும். நடுத்தர ரகத்தில் டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், ஷெவ்ரலே கொலராடோ, நிசான் ஃபிரான்டியர், ஜீப் கிளாடியேட்டர், ஹோண்டா ரிட்ஜ்லைன் ஆகியவை. மூன்றாவதான சிறு ரகத்தில் ஃபோர்டு மாவெரிக் போல ஓரிரண்டு மட்டும். தமிழ்நாட்டில் குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸுக்கு இந்தப் பட்டியலில் எந்த இடம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். இடமே கிடையாது, அதன் நீளம் நான்கு மீட்டர்கூட வராது. இங்கே நடுத்தரம் என்று சொல்லப்படும் டகோமாவின் நீளம் 5.4 மீட்டர், அதாவது இரண்டு ஆட்டோ ரிக்ஷாக்களை முன்னும் பின்னுமாக ஒட்டி நிறுத்தினால் வருகிற நீளம். நான்கு கதவு எஃப்-150 அதற்கும் மேலே அரை மீட்டர் கூடுதலாக, 5.9 மீட்டர்.

ஊரில் பிக்கப் ஒரு தொழில் வண்டி. விடியற்காலையில் காய்கறிச் சந்தைக்குப் போகும், பகலில் டைல்ஸ் ஏற்றும், மாலையில் கல்யாண மண்டபத்தில் நாற்காலி இறக்கும். டெக்சாஸில் அது குடும்ப வண்டி. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஒரு மடிக்கணினிப் பையோடு அலுவலகம் போய், மாலையில் ஒரு கேலன் பாலோடு வீடு திரும்பும். பின்தொட்டியில் பெரும்பாலும் காற்றுதான் பயணம் செய்யும். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப்பாக இருந்து வருகிறது. டெக்சாஸ்காரர்களுக்கு பிக்கப் மீது தனிப் பற்று உண்டு என்பது கம்பெனிகளுக்கும் தெரியும். ஃபோர்டு தன் உயர்ரக எஃப்-150க்குத் தென் டெக்சாஸின் கிங் ராஞ்ச் பண்ணையின் பெயரையே வைத்தது. டொயோட்டா தன் உயர்ரக டன்ட்ராவுக்கு 1794 என்று பெயரிட்டது. சான் அன்டோனியோவில் அதன் தொழிற்சாலை நிற்கும் நிலத்தில் அந்த ஆண்டு ஒரு பண்ணை தொடங்கியதாம். மாட்டுப் பண்ணைப் பெயர் தாங்கிய இந்த வண்டிகளில் தோல் இருக்கை உண்டு, குளிர்காற்று ஊதும் இருக்கை உண்டு. மாடு ஏற்றியவரைப் பார்ப்பதுதான் அரிது.

இங்கு குடியேறிய தமிழர் வண்டி வாங்குவதில் ஓர் ஒழுங்கு உண்டு. வந்த புதிதில் பழைய கேம்ரி அல்லது அக்கார்டு கார். கல்யாணம் ஆனதும் புதிய கேம்ரி. இரண்டாவது குழந்தை பிறந்து, ஊரிலிருந்து பெற்றோரும் வந்ததும் சியன்னா அல்லது ஒடிசி மினிவேன். கிரீன் கார்டும், புல்தரையோடு சொந்த வீடும் அமைந்த பிறகே பிக்கப் ஆசை எட்டிப் பார்க்கும். புல்வெட்டும் இயந்திரம், உர மூட்டை, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவின் மேடைச் சாமான், பொங்கல் விழாவின் அண்டா என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். எதிர்வீட்டு வாசலில் ஒரு சில்வராடோ நிற்கிறது என்ற காரணத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வாங்குவது என்று முடிவானதும் எழுகிற முதல் கேள்வி அளவைப் பற்றியது. அதற்கு வருமுன் கொஞ்சம் வரலாறு: அமெரிக்காவில் பெரிய பிக்கப் இந்த அளவுக்குப் பெருகியதற்குப் பின்னால் ஒரு கோழிச் சண்டை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவு விலையில் மேற்கு ஜெர்மனியில் குவிந்தது. அங்குள்ள கோழி வளர்ப்போர் முறையிட, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இறக்குமதிக் கோழி மீது வரியை ஏற்றியது. 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகிய நான்குக்கும் கூடுதல் இறக்குமதி வரி, டிரக்குக்கு 25 சதவீதம். டிரக் மீது வைத்த குறி ஃபோக்ஸ்வாகனுக்கு. பிறகு கோழிப் பூசல் ஓய்ந்தது, மற்ற மூன்று வரிகளும் கழன்றன, டிரக் வரி மட்டும் அறுபது ஆண்டு கடந்தும் அசையாமல் நிற்கிறது.

கார்களுக்கு நெடுங்காலம் 2.5 சதவீதமே வரி என்பதால், கம்பெனிகள் டிரக்குக்குக் கார் வேடம் கட்டிப் பார்த்தன. சுபாரு தன் பிராட் வண்டியின் திறந்த தொட்டிக்குள் பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, இது பயணிகள் வண்டி என்று சுங்கத்தில் கணக்குக் காட்டியது. ஃபோர்டு துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் இருக்கையோடு இறக்குமதி செய்து, சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக மாற்றியது. அந்த விவகாரம் பல ஆண்டு இழுத்து, 2024-இல் ஃபோர்டு 365 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டபோதுதான் முடிந்தது. கழற்றிய இருக்கைக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

இந்த வரி வேலியின் பலன், உலகெங்கும் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸும் இசுஸு டி-மேக்ஸும் அமெரிக்க ஷோரூமில் கிடையாது. கோயம்புத்தூர்க்காரர் விரும்பினால் 2022 முதல் ஹைலக்ஸ் வாங்கலாம். சென்னைக்கு வடக்கே ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் டி-மேக்ஸும் வாங்கலாம். டல்லாஸ்காரர் டாலரைக் கத்தையாக நீட்டினாலும் இரண்டும் கிடைக்காது. வெளிப்போட்டி இல்லாத இடத்தில் உள்ளூர்க் கம்பெனிகள் லாபம் கூடிய பெரிய வண்டியில் கவனம் வைத்தன. எரிபொருள் விதியும் அதற்கு ஒத்துழைத்தது: நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு கூடக்கூட, எட்ட வேண்டிய மைலேஜ் இலக்கு குறையும் என்பது இங்குள்ள கணக்கு. வண்டியைச் சிறிதாக்கியவருக்குக் கடினமான பரீட்சை, பெரிதாக்கியவருக்கு எளிய பரீட்சை.

இதனால் நடுத்தர ரகம் ஒரு காலத்தில் ஏறக்குறைய மறைந்தே போனது. அமெரிக்க ரேஞ்சரின் உற்பத்தி 2011 கடைசியில் நின்றது. கொலராடோவும் அதை ஒட்டிக் கடையைக் கட்டியது. அந்த இடைவெளியில் டகோமாவும் ஃபிரான்டியரும் தனிக்காட்டு ராஜாவாக விற்றதைப் பார்த்துவிட்டு, கொலராடோ 2015 மாடலாகவும் ரேஞ்சர் 2019 மாடலாகவும் திரும்பி வந்தன. திரும்பி வந்தபோது உடம்பு பெருத்திருந்தது. 1990களின் நடுவில் ஓடிய ஒற்றைக் கேபின், குட்டைத் தொட்டி எஃப்-150 இன்றைய நடுத்தர டகோமாவைவிட ஓர் அடிக்கு மேல் குட்டை.

அளவு பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் கராஜ். இரண்டு கார் நிற்கும் சாதாரணக் கராஜின் ஆழம் 20 அடி. நான்கு கதவும் ஐந்தரை அடித் தொட்டியும் கொண்ட எஃப்-150 சுமார் 19 அடி 4 அங்குலம். மிஞ்சுவது ஒரு சாண்கூட இல்லை. அதிலும் சுவரை முட்டாமல் முன்பக்கத்தை நிறுத்தி, பின்னால் கதவு இறங்கவும் இடம் விட வேண்டும். தமிழர் வீட்டுக் கராஜ் வெறும் கராஜும் அல்ல. 20 பவுண்டு அரிசி மூட்டைகள், மாவு அரைக்கும் கிரைண்டர், செருப்பு அலமாரி, இரண்டாவது ஃப்ரிட்ஜ், குளிர்காலம் வந்தால் பனிக்குப் பயந்து உள்ளே குடியேறும் கறிவேப்பிலைச் செடி எல்லாம் அங்கேதான். டல்லாஸ் உறைந்துபோன 2021 பிப்ரவரிக்குப் பிறகு கறிவேப்பிலைச் செடியை வெளியே விட்டுவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. 17 அடி 9 அங்குல டகோமா என்றால் இரண்டேகால் அடி மிஞ்சும். செடிக்கும் இடம் உண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருக்களித்து நடக்கவும் இடம் உண்டு.

அடுத்தது கடை வாசல். வழக்கமான நிறுத்துமிடக் கட்டம் 9 அடிக்கு 18 அடி. டகோமா அதற்குள் மூன்று அங்குலம் மிச்சம் வைத்து அடங்கும். எஃப்-150 ஒன்றேகால் அடி வெளியே நீட்டும். அதனால்தான் பெரிய பிக்கப்காரர்கள் மளிகைக் கடைக்கு வந்தாலும் மைதானத்தின் கடைக்கோடியில் நிறுத்திவிட்டு, நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் கொத்தமல்லிக் கட்டோடு நடந்து போகிறார்கள். அகலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று அங்குலம்தான். ஆகவே பக்கத்து வண்டியில் கதவு இடிக்கும் பயம் நடுத்தரம் வாங்கினாலும் தீராது.

இனி பின்தொட்டி. முழு அளவு பிக்கப்பின் மானம் காக்கும் அங்கம் இது என்று விளம்பரங்கள் சொல்லும். குடும்பங்கள் அதிகம் வாங்கும் நான்கு கதவு எஃப்-150இல் தொட்டியின் நீளம் ஐந்தரை அடி; நான்கு கதவு டகோமாவில் ஐந்து அடி. முழு அரை மீட்டர் நீளம் கூடியும் தொட்டிக்குக் கிடைத்தது அரை அடி மட்டும். மீதியைப் பின் இருக்கையும் முன் மூக்கும் பங்கு போட்டுக்கொண்டன. ஆறரை அடி, எட்டடித் தொட்டிகளும் முழு அளவில் உண்டு. எட்டடி வேண்டுமென்றால் கேபினைச் சுருக்க வேண்டியிருக்கும், பிறகு அது குடும்ப வண்டி ஆகாது.

தொட்டியில் நீளத்தைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு: இரு பக்கமும் சக்கரங்களின் மேல் எழும் புடைப்புகளுக்கு இடைப்பட்ட அகலம். அமெரிக்கத் தச்சு உலகம் நான்கடிக்கு எட்டடி பலகையில் சுழல்கிறது. பிளைவுட்டும் ஜிப்சம் பலகையும் அந்த அளவில்தான் வரும். முழு அளவு பிக்கப்பில் அந்த இடைவெளி 50 அங்குலத்தை ஒட்டி இருக்கும், 48 அங்குலப் பலகை தரையோடு படுத்துவிடும். டகோமாவில் இடைவெளி 45 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. பலகை புடைப்புகளின் மேல் குறுக்கே உட்காரும், அடியில் கட்டை கொடுத்துக் கயிறு இறுக்க வேண்டும். ஹோண்டா ரிட்ஜ்லைன் அகலத் தொட்டி கொண்டு இந்தச் சிக்கலை முதலிலேயே தீர்த்தது. 2024-இல் வந்த புதிய ரேஞ்சரிலும் இடைவெளி 48 அங்குலத்தைத் தாண்டியது. எதை வாங்கினாலும் எட்டடிப் பலகை பின்கதவைத் திறந்துபோட்டபடிதான் போகும், எட்டடித் தொட்டிக்காரர் நீங்கலாக.

வார இறுதியில் தச்சு வேலை செய்யும் தமிழர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. வசந்த காலத்தில் செடிகளுக்கு மரத்தூள் மூட்டை இருபது வாங்குவதும், சுவரலமாரியைப் பெட்டியோடு கொண்டுவந்து நான்கு மாதம் கழித்துப் பூட்டுவதுமே பெரும்பாலான வீடுகளின் சரக்குப் போக்குவரத்து. அதற்கு ஐந்தடித் தொட்டி தாராளம். ஆண்டுக்கு ஒருமுறை சோபாவோ பிளைவுட்டோ வந்தால், வீட்டுச் சாமான் கடையான ஹோம் டிப்போவே பிக்கப்பை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வாடகை வண்டிக்கு ஆகும் சில பத்து டாலரை மிச்சம் பிடிக்க அறுபதாயிரம் டாலர் வண்டி வாங்கும் கணக்கு, பற்பொடி இலவசம் என்று யானை வாங்கிய கதைதான்.

எடை விஷயத்தில் டீலர் பேச்சைக் கேட்கவே வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே கணக்கிட்டு ஒட்டியது. நடுத்தர வண்டிகளில் அது பெரும்பாலும் 500 முதல் 750 கிலோ வரை. ஐந்து பெரியவர்கள் ஏறினாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஊரிலிருந்து வரும் தம்பதியின் நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றும் விமானக் கம்பெனி அனுமதிக்கும் 23 கிலோவுக்கு மிளகாய்ப் பொடியும் வடகமும் அடைத்து எடை போட்டு மூடியது, மொத்தம் 92 கிலோ. எந்த பிக்கப்பும் இதைக் கண்டு அசராது. மழை வந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பின்தொட்டிக்கு மூடி தனிச் செலவு. சற்றுக் கூடுதல் வசதி ரிட்ஜ்லைனில் உண்டு: தொட்டியின் தரைக்கு அடியில் பூட்டக்கூடிய ஒரு பெட்டி, அதில் தண்ணீர் வடிய ஒரு துளை. ஹோண்டா அதை ஐஸ் போட்டுப் பானம் வைக்கச் சொல்கிறது. பொங்கல் விழாவுக்கு மோர் கொண்டுபோகவும் தடையில்லை.

இழுவைச் சக்தியில் முழு அளவு அசைக்க முடியாத ராஜா. சரியான எஞ்சினோடு எஃப்-150 ஆறு டன் வரை இழுக்கும். நடுத்தரங்கள் மூன்றிலிருந்து மூன்றரை டன், ரிட்ஜ்லைன் இரண்டேகால் டன். குதிரை டிரெய்லரோ, பெரிய படகோ, வீடு கட்டிய டிரெய்லரோ இழுப்பவருக்கு நடுத்தரம் சரிப்படாது. குதிரை வளர்க்கும் தமிழர் டெக்சாஸில் இருக்கலாம். விழாக்களில் கண்ணில் படுவதில்லை.

நடுத்தரம் வாங்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று ஊரிலிருந்து அப்பா சொல்வார். ஆகாது. இரண்டு ரகமும் லிட்டருக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர். ஒரே மாதிரி எஞ்சின்களை ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். எஃப்-150இன் உடலை ஃபோர்டு 2015 மாடலில் அலுமினியத்துக்கு மாற்றியதால் எடை கணிசமாக இறங்கியது. டகோமா போன்றவை எஃகு உடம்போடு, பெட்டி முகத்தோடு காற்றை அதே சிரமத்தில் கிழித்துப் போகின்றன. இரண்டு ரகத்துக்கும் கேம்ரிக்கும் உள்ள தூரத்தை அப்பாவிடம் சொல்லாமல் விடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

மிச்சம் விலையில் உண்டு, அதுவும் நிதானமாக இருப்பவருக்கு மட்டும். நடுத்தரம் 32 ஆயிரம் டாலரை ஒட்டித் தொடங்கும், முழு அளவு 37 ஆயிரத்துக்கு மேலே. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், ஓரளவு வசதி என்று கேட்டால் முன்னது 40 ஆயிரத்தைத் தொடும், பின்னது 55 ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் நடுத்தரத்திலும் மேல்படிகள் உண்டு. பாலைவனத்தில் பாயும் வேடம் பூண்ட டகோமா டிஆர்டி புரோ 60 ஆயிரத்துக்கு மேல். அதை வாங்கி அலுவலகத்தின் அடுக்கு நிறுத்துமிடத்தில் பாய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். 84 மாதக் கடன் கொடுக்க வங்கி தயாராக இருக்கும்போது விரலுக்குத் தகுந்த வீக்கம் என்ற பழமொழி யாருக்கும் நினைவு வராது. பழைய வண்டியாக விற்கும்போது டகோமா விலை இறங்க மறுக்கும் என்பது வாங்குகிறவருக்கு ஆறுதல், பழையது தேடுகிறவருக்கு எரிச்சல்.

பெரும்பாலான நடுத்தர வண்டிகளின் உண்மையான பலவீனம் பின் இருக்கை. எஃப்-150 நான்கு கதவு வண்டியில் பின்னால் கால் நீட்ட 43 அங்குலத்துக்கு மேல் இடம். விமானத்தில் காசு அதிகம் கொடுத்தவருக்குக்கூட அப்படிக் கிடைப்பது சந்தேகம். ரேஞ்சரிலும் கொலராடோவிலும் 35 அங்குலத்துக்குக் கீழே. டகோமாவிலும் ஃபிரான்டியரிலும் 33 சொச்சம். கேம்ரியில் 38. அதாவது கேம்ரியைவிட அரை மீட்டர் நீளமான வண்டியில் கேம்ரியைவிட நான்கு அங்குலம் குறைவான இடம். முதுகுச் சாய்மானமும் சுவர்போல நிமிர்ந்திருக்கும். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை இது தெரியாது. சுற்றுலா விசாவில் ஆறு மாதம் தங்க வரும் தாத்தா பாட்டிக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

அவர்களுக்கு உட்காருவதற்கு முன்பே ஏறுவது ஒரு சோதனை. நான்கு சக்கர இயக்க பிக்கப்பின் தளம் முழங்காலுக்கு மேலே நிற்கும். முழு அளவில் இன்னும் சற்று உயரம். கதவோரத் தூணில் ஒரு கைப்பிடி உண்டு. வலது கையால் அதைப் பிடித்து, இடது கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கி, ஒரு காலைப் பக்கப்படியில் வைத்து எம்ப வேண்டும். பக்கப்படி கீழ்ப்படி மாடல்களில் வராது, தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். வேட்டி கட்டிக் கோயிலுக்குக் கிளம்பும் மாமனாருக்கும் இதே பயிற்சி உண்டு, பார்வையாளர் கூட்டம் கொஞ்சம் அதிகம். கட்டுமானத்தில் ரிட்ஜ்லைன் மற்ற ஐந்து நடுத்தரங்களிலிருந்து விலகி நிற்கிறது: லாரிபோல சட்டத்தின் மேல் உடலை வைத்துப் பூட்டாமல் காரைப்போல ஒரே கட்டாகச் செய்தது, ஏறுவது எளிது, பின்னால் 36 அங்குலத்துக்கு மேல் இடம், குலுக்கலும் குறைவு. உண்மையான பிக்கப் அல்ல என்று எதிர்வீட்டுக்காரர் மூக்கைச் சுளிப்பது இதைப் பார்த்துத்தான்.

சிரிப்பில்லாத ஒரு விஷயமும் உண்டு. பெரிய பிக்கப்பின் முன்மூடி பள்ளிப் பிள்ளையின் தலைக்கு மேலே நிற்கும். மூக்குக்கு நேர் எதிரே நிற்கும் குழந்தையை ஓட்டுநரால் பார்க்க முடியாது. முன்மூடி உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டி பாதசாரி மீது மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகமுள்ள வண்டியைவிட உயிர்ச்சேதம் நேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நடுத்தரங்களிலும் பல 40 அங்குலத்தைத் தாண்டியவையே, ஆகவே அவற்றுக்கும் முழு மதிப்பெண் கிடையாது. எதை வாங்கினாலும் முன்கேமராவும், ஆள் குறுக்கே வந்தால் தானே நிற்கும் பிரேக்கும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

கனமான டிரெய்லரை அடிக்கடி இழுப்பவர், கட்டட வேலை செய்பவர், உயரமான மூன்று பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து நெடுந்தூரம் போகிறவர் ஆகியோருக்கு முழு அளவுதான் சரி. அவர்கள் நடுத்தரம் வாங்கினால் ஒரே ஆண்டில் மாற்றுவார்கள். மற்ற எல்லாருக்கும் நடுத்தரம் போதும்: கடினமான மண்பாதையும் மறுவிற்பனையும் பார்ப்பவருக்கு டகோமா, சரக்கும் இழுவையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு ரேஞ்சர் அல்லது கொலராடோ, பெரியவர்கள் வந்துபோகும் வீட்டுக்கு ரிட்ஜ்லைன். கையெழுத்துப் போடுவதற்கு முன் டீலரிடம் வண்டியைக் கேட்டு ஒருமுறை வீட்டுக்கு ஓட்டிவந்து கராஜில் நிறுத்திப் பார்க்க வேண்டும், அரிசி மூட்டையை நகர்த்தாமல்.

அடுத்த கோடையில் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வாங்கியிருப்பது டகோமா என்று தெரிந்தால், விமான நிலைய வாசலிலேயே முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டுப் பின்னால் ஏறிவிட்டால் ஆறு மாதமும் அதுவே உங்கள் இடமாகிவிடும்.